ஒரு குளம், ஒரு ஊர், ஒரு நோட்டு: கூந்தன்குளத்தில் உட்கார்ந்து வரையக் கற்றுக்கொள்வது

“இயற்கையை வரையணும், எங்கே போகலாம்?” என்று கேட்கிறவர்கள் பதிலையும் கையோடு கொண்டுவருவார்கள். வால்பாறை, கொடைக்கானல், முடிந்தால் காஜிரங்கா. நான் சொல்லும் பதில் அவர்கள் யாருக்கும் பிடிப்பதில்லை. பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஒரு குளத்தைப் பிடியுங்கள், ஒரு வருஷம் அதை விடாதீர்கள். அவ்வளவுதான்.

எனக்கு வாய்த்தது கூந்தன்குளம். திருநெல்வேலியிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாகப் போனால் சுமார் 35 கிலோமீட்டர். 1994-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், பின்னால் ராம்சர் பட்டியலிலும், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலிலும், சேர்ந்தது. பரப்பு என்று பார்த்தால் 129 ஹெக்டேர்தான். ஆனால் வரைகிறவனுக்கு அந்த ஊரின் விசேஷம் பரப்பில் இல்லை. பறவைகள் குளத்துக்குள் இருக்கும் மரங்களில் மட்டும் கூடு கட்டாமல் ஊருக்குள்ளும் வந்து, வீட்டுக் கொல்லை வேம்பிலும் புளியிலும் கட்டுகின்றன. அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. பறவை எச்சம் ஊறிய குளத்து வண்டல் வயலுக்கு உரமாகப் போகிறது. நிலம், பறவை, ஆள் என்று மூன்றையும் தனித்தனியாக வரைய முயன்றாலும் அந்த ஊர் விடாது, ஒரே தாளில் மூன்றும் வந்து உட்கார்ந்துவிடும்.

கீழே எழுதியிருப்பது அங்கே போய் வந்து, ஏழெட்டு நோட்டைப் பாழாக்கிக் கற்றுக்கொண்டது. உங்கள் ஊரில் வேறு குளம் இருக்கும், ஆறு இருக்கும், உப்பளம் இருக்கும். முறை ஒன்றுதான்.

முதலில்: பென்சில் இல்லாமல் ஒரு நாள்

முதல் தடவை போகும்போது வரையாதீர்கள். கை அரிக்கும், பரவாயில்லை. குளத்தைச் சுற்றி நடங்கள். கரை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, மடை எத்தனை, மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடும் மறுகால் எந்தப் பக்கம், கரைக்கு உட்புறமான உள்வாயில் எங்கே ஆடு மேய்கிறது, காலை வெயில் எந்தக் கரையில் விழுகிறது, எந்த மரத்தடியில் நிழல் பத்து மணி வரை நிற்கிறது, இதையெல்லாம் பார்த்துவையுங்கள். டீக்கடை எங்கே என்பதையும்தான், விளையாட்டாகச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நினைவிலிருந்து ஒரு வரைபடம் போடுங்கள். அளவு சரியாக இருக்க வேண்டியதில்லை. கோடு தயங்கி நிற்கிற இடம்தான் நீங்கள் சரியாகப் பார்க்காத இடம். எனக்கு முதல் வரைபடத்தில் மறுகாலே விட்டுப்போயிருந்தது, அத்தனை பெரிய கல்கட்டு! அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் ஊர்ப் பிள்ளைகளெல்லாம் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

சாமான்: குறையக் குறைய நல்லது

கடைக்குப் போய் ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு வராதீர்கள். என் பையில் இருப்பது இதுதான்: ஒரு 2பி, ஒரு 6பி பென்சில், ஒரு நீல பால்பாயிண்ட் பேனா, ஒரு கறுப்பு பால்பாயிண்ட் பேனா, பிளேடு, பரீட்சை அட்டை, நாலு கிளிப், தண்ணீர் பாட்டில், பழைய துண்டு, தொப்பி. ரப்பர் வீட்டிலேயே இருக்கட்டும். ரப்பர் கையில் இருந்தால் பறவையைப் பார்க்கவேண்டிய கண் தாளையே பார்த்துக்கொண்டிருக்கும்.

பரீட்சை அட்டையைச் சும்மா சொல்லவில்லை. ஆனி, ஆடியில் அந்தப் பக்கம் அடிக்கும் காற்று சாதாரணக் காற்று இல்லை, சுற்றிலும் காற்றாலை நிறுத்தியிருப்பதே அதனால்தான். நாலு மூலையிலும் கிளிப் போடாத தாள் குளத்துக்குள் போய்விடும். என்னுடையது ஒன்று போனது, ஒரு நாமக்கோழி அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டது. விமர்சனம் என்றே எடுத்துக்கொண்டேன்.

தாள் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். தாளின் கனத்தை ஜிஎஸ்எம் என்ற அளவில் சொல்வார்கள்; பென்சிலுக்கும் பேனாவுக்கும் 100, 120 ஜிஎஸ்எம் போதும். தண்ணீர் வண்ணம் தொடப்போகிறீர்கள் என்றால் 300 ஜிஎஸ்எம், குறைந்தது 200. அதற்குக் கீழே போனால் தாள் அப்பளம் மாதிரி சுருண்டுகொள்ளும். பால்பாயிண்ட் பேனா எதற்கு என்று கேட்பீர்கள். அதன் மை எண்ணெய் கலந்தது, மேலே தண்ணீர் வண்ணம் பூசினாலும் பெரும்பாலும் கரையாது. ஜெல் பேனாவில் போட்டுவிட்டு வண்ணம் பூசினால் நாரைக்கு மீசை முளைக்கும்.

பைனாகுலர் இருந்தால், எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8x42 வசதி. இல்லாவிட்டாலும் கூந்தன்குளத்தில் குறையில்லை, கொல்லை மரத்துக் கூடுகள் வெறுங்கண்ணுக்கே நன்றாகத் தெரியும்.

கரை, பனை, மலை

தட்டையான நிலத்தை வரைவது மலையை வரைவதைவிடக் கஷ்டம். மலை தானே நின்றுகொள்ளும். தட்டை நிலத்தில் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் எல்லாரும் அடிவானத்தை நடுத்தாளில் இழுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் வானமும் பாதி, தண்ணீரும் பாதி, படம் இரண்டாக அறுந்துபோகும். கோட்டைக் கீழே இறக்குங்கள், தாளில் கால்வாசிக்கு. இல்லை, கரைமேல் ஏறி நின்று மேலே ஏற்றுங்கள். எது வேண்டும் என்பதைப் பென்சில் எடுக்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். மழை மேகம் திரண்டு நிற்கிற ஐப்பசியில் வானத்துக்கு இடம் கொடுங்கள். மாசியில் வானத்தில் ஒன்றும் இல்லை, தண்ணீரில்தான் எல்லாம்.

அப்புறம் பனை. பனையைக் குச்சி ஐஸ் மாதிரி போடுகிறவர்கள் தயவுசெய்து ஒரே ஒரு பனையின் கீழ் அரை மணி நேரம் நில்லுங்கள். தண்டு நேர்க்கோடு இல்லை, எங்கோ ஓரிடத்தில் லேசாக ஒடுங்கும், அடியில் வேர்கள் சேர்ந்து அகலும். தலை உருண்டை. ஆனால் அந்த உருண்டைக்குக் கீழே காவோலை தொங்குகிறதா இல்லையா என்பதில்தான் கதை இருக்கிறது. ஏறி ஓலை வெட்டுகிற பனைக்குக் கழுத்து சுத்தமாக இருக்கும். ஆள் ஏறாத பனைக்குக் காவோலை பாவாடை கட்டினாற்போல் தொங்கும். கரையில் பத்துப் பனையை வரைந்து, எதற்குக் காவோலை இருக்கிறது என்று பார்த்துப் போட்டாலே அந்த ஊரில் பனையேற்றம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது படத்தில் வந்துவிடும். ஒரு வரி எழுத வேண்டியதில்லை.

மேற்கே மகேந்திரகிரிப் பக்கத்து மலைத்தொடர். காலையில் தெளிவாக இருக்கும், தென்மேற்குப் பருவம் தொடங்கிவிட்டால் மேகம் மூடிக்கொள்ளும். மலையை அழுத்தி வரையாதீர்கள். குளத்துக் கரையைவிட, பனையைவிட, எல்லாவற்றையும்விட வெளிறியிருக்க வேண்டும். பென்சிலைப் படுக்கவைத்து ஒரே இழுப்பு, போதும். காற்றாலைகளை விட்டுவிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அழகு கெடுகிறதாம். அவை அங்கே நிற்கின்றன, வரையுங்கள். இருபது வருஷம் கழித்துப் பார்க்கிறவருக்கு அந்த மெல்லிய வெள்ளைக் கம்பம்தான் காலத்தைச் சொல்லும்.

வெளிச்சத்தைப் பற்றி ஒன்று. காலை ஆறிலிருந்து எட்டரை. அதற்கு மேல் நிழல் செத்துவிடும், பத்து மணிக்கு மேல் தண்ணீர்மேல் கானல் அலைந்து தூரத்துப் பறவையெல்லாம் நெளியும். சூரியன் உங்கள் முதுகில் இருக்கும்படி உட்காருங்கள். சாயங்காலம் மட்டும் இதற்கு நேர் எதிர்: சூரியனைப் பார்த்து உட்காருங்கள், பறவையெல்லாம் கறுப்பு உருவமாகத் தெரியும், நிறமும் இறகும் கண்ணைக் குழப்பாது, வடிவம் மட்டும் கிடைக்கும். கற்றுக்கொள்கிறவருக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

பறவை: இதற்குத்தான் நேரம் பிடிக்கும்

பறவை உங்களுக்காக நிற்காது. முதல் மூன்று வாரம் இந்த ஒரு உண்மையோடுதான் மல்லுக்கட்டுவீர்கள். வழி இருக்கிறது.

தாளை எடுத்து, ஒரே பக்கத்தில் ஆறேழு பறவையைத் தொடங்குங்கள். ஒரு மஞ்சள் மூக்கு நாரை தலையைக் குனிந்திருக்கிறது, பத்து நொடியில் கிடைத்ததைப் போடுங்கள். நிமிர்ந்துவிட்டதா, அதை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் நிமிர்ந்த நாரையைத் தொடங்குங்கள். இறகு கோதுகிறதா, மூன்றாவது. கூட்டத்தில் ஐம்பது நாரை இருக்கிறது, ஏதோ ஒன்று மறுபடி குனியும், அப்போது முதல் படத்துக்குத் திரும்பிப் போங்கள். அரை மணி நேரத்தில் எந்தப் பறவையும் நிற்காமலேயே நாலு படம் தேறியிருக்கும்.

எதை முதலில் போடுவது? கண்ணையும் அலகையும் இல்லை. எல்லாரும் அங்கேதான் தொடங்குகிறார்கள், அப்புறம் தலை பெரிதாகி உடம்புக்கு இடமில்லாமல் வால் தாளுக்கு வெளியே போய்விடுகிறது. முதலில் ஒரு சாய்கோடு: முதுகு எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது. அதன்மேல் முட்டை வடிவத்தில் உடம்பு. அப்புறம் பாதம். ஆமாம், கழுத்துக்கு முன்னால் பாதம். நின்றுகொண்டிருக்கும் பறவையின் பாதம் உடம்பின் பாரம் இறங்குகிற இடத்துக்கு நேர் கீழே இருக்க வேண்டும், ஒற்றைக் காலில் நிற்கும்போது அந்த ஒரு பாதம் நட்டநடுவில் வரும். இதைத் தவறவிட்டால் எத்தனை அழகாக இறகு போட்டாலும் பறவை விழப்போகிற மாதிரியே இருக்கும். காலைப் பற்றி இன்னொன்று. முழங்கால் பின்பக்கமாக மடிகிறதே என்று குழம்பாதீர்கள். நடுவில் தெரிகிற மூட்டு முழங்கால் இல்லை, கணுக்கால். முழங்கால் வயிற்று இறகுக்குள் ஒளிந்திருக்கிறது. இது தெரிந்த நாளிலிருந்து என் நாரைகள் நொண்டுவதை நிறுத்தின.

கழுத்தும் அலகும் கடைசியில். இங்கேதான் ஒவ்வொரு இனத்துக்கும் தனிக் குணம் வருகிறது. நாரையைத் தூது விட்ட பழைய புலவர் ஒருவர் அதன் அலகைப் பிளந்த பனங்கிழங்குக்கு ஒப்பிட்டார். அடுத்த தடவை பனங்கிழங்கு வேகவைக்கும்போது ஒன்றை நீளவாக்கில் பிளந்து தட்டில் வைத்துப் பாருங்கள். அடி தடித்து, நுனி கூராகி, உள்விளிம்பு நேராக இருக்கும். அலகின் கனம் எங்கே இருக்கிறது என்பது அந்தக் கிழங்கைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. மஞ்சள் மூக்கு நாரைக்கு நுனியில் மட்டும் லேசான கீழ்வளைவு சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் காலில் சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளையாக இருந்தால் ஏதோ நோய் என்று நினைக்க வேண்டாம். வெக்கைக்குத் தன் காலிலேயே எச்சமிட்டுக் குளிர்வித்துக்கொள்கிறது. சித்திரை வெயிலில் வரைந்த நாரைக்கும் தையில் வரைந்த நாரைக்கும் கால் நிறமே வேறு.

பாம்புத்தாரா நீந்தும்போது உடம்பு தண்ணீருக்குள், கழுத்து மட்டும் வெளியே, நடுக்கழுத்தில் ஓர் ஒடிவு. அந்த ஒடிவை வழவழவென்று வளைத்துவிடாதீர்கள், மீனைக் குத்துவதற்கான விசையே அங்கேதான். கரண்டிவாயன் தலையை இடமும் வலமும் அரிவாள் வீசுகிற மாதிரி வீசிக்கொண்டே நடக்கும், ஒரு நிலையில் பிடிக்க முயலாமல் அந்த வீச்சை ஒரு வளைகோடாகப் போட்டுவிட்டு அதன் ஓரத்தில் தலையை வையுங்கள். பறக்கும்போது குழப்பம் வந்தால் கழுத்தைப் பாருங்கள்: மஞ்சள் மூக்கு நாரை கழுத்தை நீட்டிப் பறக்கும், கொக்கும் சாம்பல் நாரையும் மடக்கிப் பறக்கும். கூழைக்கடாவும் (பெலிகன்) அத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு கழுத்தை மடக்கித்தான் போகும்.

கூழைக்கடா வெள்ளை இல்லை. இதில்தான் முக்கால்வாசிப் பேர் ஏமாறுகிறார்கள். பல தடவை துவைத்த வேட்டியின் நிறம், சாம்பலும் பழுப்பும் கலந்தது. மேல் அலகில் வரிசையாகப் புள்ளி, பிடரியில் கலைந்த முடி. குஞ்சுக்கு இரை கொடுப்பது பார்க்கக் கொஞ்சம் பயமாகவே இருக்கும், குஞ்சு தலையையே தாயின் பைக்குள் விட்டுவிடும். அதை வரைய ஆசைப்படாதீர்கள், முதல் வருஷம் வேண்டாம், இரண்டு கழுத்தும் முடிச்சுப் போட்டுக்கொண்டு எது யாருடையது என்றே தெரியாமல் போய்விடும்.

குளிர்காலத்தில் வரித்தலை வாத்து வரும், இமயத்தைத் தாண்டி வருகிற பறவை. தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புப் பட்டை, வரைய எளிது. ஊசிவால் வாத்தும் கிளுவையும் தூரத்தில்தான் நிற்கும், கூட்டமாக வரையப் பழகுங்கள். ஒவ்வொன்றாகப் போடாதீர்கள், கூட்டத்தின் வெளிவிளிம்பைப் போட்டுவிட்டு உள்ளே அங்கங்கே நாலு தலை. கண் மிச்சத்தை நிரப்பிக்கொள்ளும்.

பூநாரையை (ஃபிளமிங்கோ) தேடி மட்டும் போகாதீர்கள். வந்தால் வரட்டும். எங்கள் திருநெல்வேலியில் 1912-ல் பிறந்த மா. கிருஷ்ணன் என்ற இயற்கையியலாளர், 1950-லிருந்து 1996-ல் காலமாகும்வரை ஒரு கல்கத்தா நாளிதழில் இயற்கையைப் பற்றி எழுதினார், அதற்குத் தானே படமும் போட்டார். காட்டு யானையைப் பற்றி எழுதிய அதே ஆள் காக்கையையும் அணிலையும் அதே அக்கறையோடு பார்த்து எழுதினார். பூநாரை வராத ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவரை நினைத்துக்கொண்டு மைனாவை வரைவேன்.

ஒரு கண்டிப்பு. கூடு இருக்கிற மரத்துக்கு அடியில் போய் நிற்காதீர்கள், அண்ணாந்து கைதட்டாதீர்கள், பறக்கிற காட்சி வேண்டும் என்பதற்காகக் கல்லெறிகிற நண்பரைக் கூட்டிப்போகாதீர்கள். தாய்ப்பறவை எழுந்துபோன இரண்டு நிமிஷத்தில் காக்கை முட்டையைக் கொத்திவிடும், இல்லாவிட்டால் வெயில் குஞ்சைச் சுட்டுவிடும். 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படியும் அது குற்றம். நீங்கள் உட்கார்ந்த பிறகு பறவை உங்களைப் பார்த்துக் கழுத்தை நீட்டுகிறதா? அப்படியானால் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். பின்னால் வாருங்கள்.

ஊரை வரைவது

முதல் மாதம் என்னைப் பார்த்தவர்கள் கேட்டது ஒரே கேள்வி. “என்ன தம்பி, சர்வேக்கு வந்திருக்கியளா?” அட்டையும் பென்சிலும் வைத்துக்கொண்டு நிலத்தை உற்றுப்பார்க்கிற ஆள் வேறு யாராக இருக்க முடியும்? நியாயமான சந்தேகம். நோட்டைத் திருப்பிக் காட்டுங்கள், அதுதான் ஒரே பதில். மூடிவைத்த நோட்டுதான் பயமுறுத்தும்.

ஆட்களை வரையும் முன் கேளுங்கள். ரொம்ப நீட்டி முழக்க வேண்டாம், “அண்ணாச்சி, வலை வீசுறதை வரைஞ்சுக்கிடட்டுமா?” போதும். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். பிள்ளைகள் தானாகவே வந்து சுற்றி நிற்பார்கள், அவர்களை விரட்டாமல் ஒரு தாளும் ஒரு பென்சிலும் கொடுத்துவிடுங்கள். அவர்கள் போடும் கூழைக்கடாவை ஒருமுறை பாருங்கள், நமக்கு வராத சுதந்திரம் அதில் இருக்கும்.

முகத்தில் தொடங்காதீர்கள். வேலையில் தொடங்குங்கள். வீச்சு வலைக்காரர் வலையைத் தோளில் ஏற்றி, ஓர் ஓரத்தைப் பல்லில் கவ்வி, இடுப்பைத் திருப்புகிறார் பாருங்கள், அந்தத் திருகலைப் பிடித்தால் முகமே வேண்டாம், ஊரில் யாரும் ஆளைச் சொல்லிவிடுவார்கள். நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும்போது ஒவ்வொருவராக வரையாமல், இருவருக்கு நடுவில் இருக்கும் வெற்றிடத்தின் வடிவத்தை வரையுங்கள். சாய்ந்து பேசுகிறவர்களுக்கு நடுவே ஒரு முக்கோணம், கோபமாக இருப்பவர்களுக்கு நடுவே நேர்க்கோடு. நடவு நடுகிறவர்களைப் பின்னால் நின்று வரையாதீர்கள். அவர்களுக்குச் சங்கடம். முன்பக்க வரப்புக்கு வந்தால் கையும் நாற்றும் தண்ணீரில் தெரிகிற நிழலும் கிடைக்கும்.

ஆளும் பறவையும் சந்திக்கிற இடங்களைத் தேடுங்கள், இந்த ஊரை வேறு ஊராக மாற்றிவிட முடியாத இடங்கள் அவை. நான் பல வாரம் உட்கார்ந்தது ஒரு வீட்டு வாசலுக்கு எதிரே. தகரக் கூரை, அதற்கு மேலே வேம்பு, வேம்பில் ஆறு கூடு. கூரையில் பாதி வெள்ளையடித்த மாதிரி எச்சம். துணிக்கொடி முன்பு வேம்புக்கும் கம்பத்துக்கும் நடுவில் கட்டியிருந்த தடம் மரத்தில் தெரிகிறது, இப்போது கொடி திண்ணைக்குள் போய்விட்டது. தண்ணீர்க் குடத்துக்குத் தட்டு போட்டு மூடி, தட்டுமேல் ஒரு கல். மீன் வாடை. மேலே சண்டை போடுகிற அலகுகளின் சடசட சத்தம். கூட்டையும் நாரையையும் மட்டும் வரைந்துவிட்டு வந்திருந்தால் அது எந்தச் சரணாலயமாகவும் இருந்திருக்கும். அந்தக் குடமும் கல்லும் வந்தபிறகுதான் அது அந்த வீடு.

அந்த வீட்டு ஆச்சி ஒருநாள் நோட்டை வாங்கித் தூரமாக வைத்துப் பார்த்தார். “கூழக்கடான்னா மூக்கை நெஞ்சுல சாச்சுக்கிட்டுல்லா இருக்கும். நீ என்னய்யா, துப்பாக்கி மாதிரி நீட்டி வச்சிருக்கே?” திரும்பி மரத்தைப் பார்த்தேன். ஏழு கூழைக்கடா, ஏழும் அலகைக் கழுத்தோடு ஒட்டிச் சாய்த்து, பெரியவர்கள் திண்ணையில் தாடையைத் தொங்கவிட்டுத் தூங்குகிற மாதிரி உட்கார்ந்திருந்தன. இரண்டு மாதமாக நான் வரைந்த எல்லாமே, எப்போதோ பார்த்த ஏதோ புகைப்படத்தில் இருந்த கூழைக்கடா.

நோட்டில் எழுதவேண்டியது

படத்தின் ஓரத்தில் தேதி, நேரம், காற்று எந்தப் பக்கம், தண்ணீர் மடைக்கல்லில் எந்தப் படி வரை நிற்கிறது. பறவைக்கு ஊரில் என்ன பேர் சொல்கிறார்கள் என்பதையும் கேட்டு எழுதுங்கள், புத்தகப் பேர் அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம். ஜனவரியில் பொங்கலை ஒட்டி நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பிலோ தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பிலோ ஒருமுறை சேர்ந்துகொண்டால், இனம் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருப்பார்கள். ஒரே காலையில் நீங்கள் ஆறு மாதம் தப்பாக எழுதிவைத்ததெல்லாம் திருத்தப்பட்டுவிடும்.

வீட்டுக்கு வந்து வண்ணம்

நான் குளத்தில் வண்ணம் தொடுவதில்லை, எழுதி வைத்துக்கொண்டு வந்துவிடுவேன். “தண்ணீர்: டீயில் பால் குறைந்த நிறம்” என்கிற மாதிரி. அன்று ராத்திரியே பூசிவிட வேண்டும், ஒரு வாரம் போனால் குறிப்பு இருக்கும், நிறம் மறந்திருக்கும்.

நாலு வண்ணம் போதும்: அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா, மஞ்சள் ஓக்கர், ஒரு சிவப்பு. அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் சாம்பல் வரும். நீலம் கூடினால் மழை மேகம், பழுப்பு கூடினால் சேறு, நடுவில் நின்றால் கூழைக்கடா. கறுப்பு வாங்கவே வேண்டாம். பச்சையை டியூபிலிருந்து அப்படியே எடுத்துப் பூசினால் வயல் பிளாஸ்டிக் பாய் மாதிரி இருக்கும். நீலத்தில் ஓக்கரைக் கலந்து, துளி சிவப்பு தொட்டுக்கொள்ளுங்கள், உடைமரத்தின் தூசிபடிந்த பச்சை கிடைக்கும். தேரி என்கிற செம்மணல் மேட்டுப் பக்கம் போய் வரைகிறவர்கள் பர்ன்ட் சியன்னாவை இரண்டு டியூபாக வாங்கிக்கொள்ளுங்கள், அந்தச் செம்மண் வேறு எதையும் கேட்காது.

வெள்ளைக் கொக்கை வெள்ளை வண்ணத்தால் பூசக்கூடாது. சுற்றியிருக்கும் தண்ணீரைப் பூசுங்கள், கொக்கு தாளின் வெள்ளையாக மிஞ்சும். அதன் வயிற்றுப் பக்கம் மட்டும் மிக மெல்லிய நீலச்சாம்பல். பொறுமை தேவை, ஒருதடவை தூரிகை கொக்குக்குள் போய்விட்டால் அது சாம்பல் நாரைதான், பேரை மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.

புகைப்படம் எடுக்கலாமா? எடுங்கள், இறகு வரிசை எத்தனை, அலகில் புள்ளி எங்கே என்று சரிபார்க்க. அதைப் பார்த்து அப்படியே வரையத் தொடங்கினால் படம் விறைத்துவிடும். பிறர் எடுத்த படத்தைப் பார்த்து வரைந்து உங்கள் பேரைப் போடுவது தப்பு, அதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பது

வரைந்ததை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து வையுங்கள், பெரிதாக அச்சிட வேண்டுமென்றால் 600. மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள். நான் ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரதி எடுக்கக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். நல்ல மனசோடு, காசு கூட வாங்காமல், மூலத்தையே லேமினேஷன் பண்ணி வைத்திருந்தார்கள். சூட்டில் தாள் அலையலையாகி, குளம் முழுக்கக் காற்றுக்குமிழி. திட்டவும் முடியவில்லை.

ஊர் ஆட்களை வரைந்த படத்தை விற்கவோ அச்சிடவோ போகிறீர்கள் என்றால் மறுபடி கேளுங்கள், வரையச் சம்மதித்தது வேறு, விற்கச் சம்மதிப்பது வேறு. யாரை வரைந்தீர்களோ அவருக்கு ஒரு கலர் பிரதி முதலில் போக வேண்டும். பெரிய ஊரில் கண்காட்சி வைப்பதற்கு முன்னால் டீக்கடைச் சுவரில் ஒரு வாரம் ஒட்டிப்பாருங்கள். எந்தக் கூடு எந்தக் கிளையில் இல்லை, யாருடைய ஆடு எத்தனை குட்டி போட்டது, வலைக்காரர் வலக்கைக்காரரா இடக்கைக்காரரா என்று அத்தனை தப்பும் அங்கேயே வெளிவரும்.

வற்றின பிறகும் போங்கள்

பெரும்பாலும் ஆடி, ஆவணியில் குஞ்சுகள் பறந்துவிடும். வடகிழக்குப் பருவமழையும் மணிமுத்தாற்றுத் தண்ணீரும் வரும்வரை குளத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை என்று நோட்டை மூடிவிடுவார்கள். மூடாதீர்கள். உள்வாய்ச் சேறு காய்ந்து வெடித்த பாளம் பாளமான மண், அதில் பதிந்து இறுகிப்போன நாரைக்கால் தடம், தடத்துக்குள் எறும்பு, ஆட்டுக் கிடை போட்ட வட்டம், இலை உதிர்ந்த கிளையில் காலிக் கூடு. கூடு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது பறவை இல்லாதபோதுதான் தெரியும். குச்சிகள் எந்தப் பக்கம் சாய்ந்து பின்னியிருக்கின்றன, எந்தக் கவட்டையில் பாரம் இறங்குகிறது என்று நிதானமாக வரைந்து வைத்துக்கொண்டால், அடுத்த தையில் அதன்மேல் பறவையை உட்காரவைப்பது சுலபம்.

போன வருஷக் காற்றில் அந்த வேம்பின் பெரிய கிளை ஒடிந்து தகரக் கூரைமேல் விழுந்துவிட்டது. நல்லவேளை, கூடெல்லாம் காலி. கூரையை மாற்றிவிட்டார்கள், புது ஓடு. மரம் முழுசாக இருந்தபோது வரைந்த பக்கத்தைக் கலர் பிரதி எடுத்து ஆச்சியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். குடத்தைத் தொட்டார், மேலிருந்த கல்லைத் தொட்டார்.

“மூக்கு தேறிட்டு,” என்றார். “காலைத்தான் இன்னும் நல்லாப் பாக்கணும்.”